துக்க வீட்டில் ‘வா’ சொன்ன ராசா

கோட்டையூர்
18.8.2025

அன்புள்ள மாப்பிள்ளை சபியுல்லாவுக்கு,

பினாங்கிலிருந்து நீ அனுப்பிய கட்டு போன வாரம் வந்து சேர்ந்தது. கனத்தைப் பார்த்து, வாடகைக்கு எடுத்த பாத்திரத்தை யாரோ கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிரித்தால் நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அத்தனையும் பாட்டு. மேலே ஒரு சீட்டு வேறு: ‘வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் போட்டால் தொலைத்துவிடுவேன். பேனா பிடித்து எழுது.’ பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதித் தேறியவனிடம் போய்க் கிரேக்கப் புராண நாடகத்துக்குக் கருத்துக் கேட்கிற ஆள் நீ ஒருவன்தான். பள்ளத்தூரில் படித்தபோது உன் தாளைப் பார்த்து எழுதிய பாவத்துக்கு இப்போது தனியாக உட்கார்ந்து எழுத வைக்கிறாய்.

மூன்று தடவை படித்தேன். பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. அதனால் ராசா, ராணி, விருந்தாளி என்றே எழுதுகிறேன். நான் புரிந்துகொண்டது சரியா பார். ராசாவுக்குச் சாவு நாள் குறித்தாகிவிட்டது. அவனுக்குப் பதிலாக வேறு ஒருவர் போனால் அவன் பிழைக்கலாம். பெற்றவர்களே மாட்டேன் என்கிறார்கள். ராணி ‘நான் போகிறேன்’ என்கிறாள், போய்விடுகிறாள். அன்றைக்கென்று பார்த்து ராசாவின் சிநேகிதன் விருந்தாளியாக வந்து நிற்கிறான். அவனைத் திருப்பி அனுப்ப மனசு வராமல், சாவை மறைத்து ராசா சோறு போடுகிறான். விருந்தாளி வயிறு முட்டத் தின்றுவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிற வேலைக்காரியைத் திட்டுகிறான். பிறகு உண்மை தெரிந்து, வெட்கப்பட்டு, ஓடிப்போய் எமனோடு மல்லுக்கட்டி, முகத்தை மூடிய ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறான். அவள்தான் ராணி. மூன்று நாளைக்குப் பேச மாட்டாள். இவ்வளவுதானே?

நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை. சில இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுக் கடையில் போய் நாற்காலி எண்ணினேன். அது பாராட்டு என்று எடுத்துக்கொள்.

மூன்று குற்றம் கண்டுபிடித்தேன். ஒன்று, ராசா வாசலில் நின்று பாடுகிறானே:

வருக நண்ப, வருக, என் வாயில்
ஒருவர்க்கும் அடைத்ததில்லை, இன்றும் இல்லை.

நான் முப்பது வருடமாகப் பந்தலும் நாற்காலியும் ஐஸ் பெட்டியும் வாடகைக்கு விடுகிறவன். இந்த வட்டாரத்தில் என் நாற்காலியில் உட்காராமல் யாரும் துக்கம் விசாரித்ததில்லை. ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் பேராசிரியன். துக்க வீட்டில் யாரையும் ‘வா’ என்று கூப்பிடுவதில்லை. வந்தவனும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போக வேண்டியதுதான். உன் ராசா கிரேக்க தேசத்து ராசாவாகவே இருக்கட்டும், படிக்கிறவன் காரைக்குடிக்காரன். சிரித்துவிடுவான்.

இரண்டாவது, அந்த முடிவு. செத்தவர் வருவதாவது, மூன்று நாள் பேசாமல் நிற்பதாவது. எடுத்துவிடு.

மூன்றாவது குற்றம் மறந்துவிட்டது. ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்.

நீ இங்கே வந்துவிட்டுப் பினாங்கு திரும்பிய பிறகு பல தடவை போன் செய்திருக்கிறாய். எடுக்கவில்லை. மன்னித்துக்கொள். உன் வீட்டுக்காரி பர்வீன் பானுவுக்கு என் சலாம் சொல்லு.

கருத்தையா


பினாங்கு
4.9.2025

அன்பு மச்சான்,

உன் கடிதத்தைப் பர்வீனிடம் படித்துக் காட்டினேன். ‘நாற்காலி எண்ணினேன்’ வந்த இடத்தில் சிரித்தவள், அதற்குப் பிறகு ‘அண்ணன் ஏன் ஒரு மாதிரி எழுதியிருக்காக?’ என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. உடம்பு சரியில்லையா? மாத்திரையெல்லாம் நேரத்துக்குப் போடுகிறாயா?

உன் குற்றப்பத்திரிகையை ஏற்க மாட்டேன். துக்க வீட்டில் ‘வா’ சொல்லக் கூடாது என்று ராசாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறான். தன் வீட்டில் ஒரு மனிதனாவது துக்கம் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறான். அந்த ஒரு சொல்லில்தான் நாடகமே நிற்கிறது. முப்பது வருடம் ஜவுளிக் கிடங்கில் பேல் எண்ணியவன் எழுதியதாக இருந்தாலும் அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. முடிவையும் எடுக்க மாட்டேன்.

ஒரு விஷயம் உன்னிடம் சொல்லவில்லை. இந்தக் கதையை நான் எடுத்ததே தங்கச்சிக்காகத்தான். நாலு வருடத்துக்கு முன்னால் சந்திரலேகா தன்னுடைய சிறுநீரகத்தைப் புருஷனான உனக்குக் கொடுத்தபோது என்னால் ஊருக்கு வர முடியவில்லை. அன்றைக்குப் பிடித்தது இது. புத்தகமாகப் போடும்போது முதல் பக்கத்தில் அவள் பெயர்தான். ஜனவரியில் அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் என்ன சொல்கிறாள் என்று எழுது. நீ சொல்வதை விட அவள் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

ஜூன் கடைசியில் நான் வந்த அன்றைக்குப் பார்த்து அவள் பள்ளத்தூருக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பதினோரு வருடம் கழித்து வந்தும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உன் மகள் சத்தியப்பிரியாதான் பரிமாறினாள். முகம் வீங்கி, வாயைத் திறக்காமல் நின்றாள். ‘என்னத்தா, மாமா வந்தது புடிக்கலையா? இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பிரியாணி போட்டா எனக்கு எப்படிச் செரிக்கும்?’ என்று கேலி செய்தேன். ஒரு வாய் ஊட்டியும் விட்டேன். விருந்தாளி வேலைக்காரியைத் திட்டும் காட்சி அதுவரை எனக்கு வராமல் இழுத்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவள் நின்ற நிலையை வைத்துத்தான் விமானத்திலேயே எழுதி முடித்தேன். அவளுக்கு என் நன்றியைச் சொல்லு.

சபியுல்லா


கோட்டையூர்
22.9.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ சொன்னபடி சந்திரலேகாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தொன்பது வருடத்தில் நான் பேசும்போது அவள் குறுக்கே பேசாதது இதுதான் முதல் தடவை.

ராணி பேசுகிற பேச்சு அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஏழு பக்கத்துக்குப் பாடிவிட்டுச் சாகிறாள். அன்றைக்கு மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், ‘பொருந்துது, யோசிச்சுச் சொல்லுங்கம்மா’ என்றபோது சந்திரலேகா கேட்டது ஒரே கேள்வி: ‘எத்தன நாளு படுக்கணும் சார்? தீவாளிக்கு நாப்பது சட்டை தைக்கக் கெடக்கு.’ அவ்வளவுதான். உன் ராணியைக் கொஞ்சம் தையல் மிஷின் பக்கம் உட்கார வைத்துப் பார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. வயது ஐம்பத்தெட்டு, அதற்குத் தகுந்த மாதிரி இருக்கிறது. தொழில் சுமார். கல்யாண சீசன் முடிந்துவிட்டது. மற்றதற்கு சீசன் கிடையாது.

சத்தியப்பிரியா திருப்பூரில் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டாள். உன் நன்றியைச் சொல்ல முடியவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. நான் உன் போனை எடுக்காதது போலத்தான். குடும்பப் பழக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வேலைக்காரி காட்சியை எடுத்துவிடு. மற்றதை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள். அது மட்டும் வேண்டாம். காரணம் கேட்காதே.

கருத்தையா


பினாங்கு
8.10.2025

கருத்தையா,

என் தங்கை மகள் ஜாஹிதா போன வெள்ளிக்கிழமை துணி தைக்கக் கொடுக்க உன் வீட்டுக்கு வந்தாளாம். கதவு பூட்டியிருந்ததாம். எதிர்க் கடையில் விசாரித்திருக்கிறாள். எனக்குப் போன் செய்து அழுதாள்.

ஜூன் இருபது. நான் வந்தது முப்பது. பதினோராம் நாள்.

வாசலில் பந்தல் கம்பு அடுக்கிக் கிடந்தது. ‘எங்க மச்சான் விசேஷம்?’ என்று கேட்டேன். ‘பக்கத்துல ஒரு காரியம்’ என்றாய். நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, உன் தோளைத் தட்டி, நான் எதற்கு வந்தேனோ அந்த வெளியூர் நிக்காஹ் கதையெல்லாம் சொல்லி, நீ கடையிலிருந்து வரவழைத்த பிரியாணியை ரெண்டாம் தடவை கேட்டுத் தின்றேன். நீயும் என் எதிரில் உட்கார்ந்து தின்றாய். பதினாறு முடியாத வீட்டில் உன்னைக் கறி தின்ன வைத்திருக்கிறேன். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையைப் பார்த்து மூஞ்சியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வாயில் ஊட்டியிருக்கிறேன். பிறகு அதைக் கவிதையாகவும் எழுதியிருக்கிறேன்.

தங்கச்சியின் மண்ணில் ஒரு கை போடக் கொடுத்துவைக்கவில்லை, சரி. அவள் வீட்டில் உட்கார்ந்து அவளுக்காக ஒரு சொட்டு அழக்கூட எனக்கு உரிமை இல்லையா? ஐம்பது வருடப் பழக்கத்தில் நான் உனக்கு வெறும் விருந்தாளியா?

‘படித்துக் காட்டினேன், குறுக்கே பேசவில்லை’ என்று எழுதினாயே. எப்படியடா எழுத முடிந்தது?

நாடகத்தை அச்சுக்குக் கொடுக்கப் போவதில்லை.

சபியுல்லா


கோட்டையூர்
21.10.2025

மாப்பிள்ளை,

நேற்று தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் கிடையாது. தெரு முழுக்க வெடிச் சத்தம். நான் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து உன் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ திட்டியது அத்தனையும் சரி. ஒரு எழுத்து அதிகமில்லை.

படித்துக் காட்டினேன் என்றது பொய்யில்லை. படத்துக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். சிறுநீரகம் கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் மூன்று தடவை கேட்டேன். எல்லோருக்கும் ஐஸ் பெட்டி கொண்டுபோய் வைக்கிறவன், என் வீட்டுக்குள் அதைத் தூக்கி வரும்போது வாசல் நிலையில் இடித்துக்கொண்டேன். முப்பது வருடத்தில் ஒரு வீட்டிலும் இடித்ததில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. நீ இறங்கினாய். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, கையில் தங்கச்சிக்கென்று பினாங்கு பிஸ்கட் டப்பா. உனக்கு விஷயம் தெரியாது என்று உன் சிரிப்பைப் பார்த்ததும் தெரிந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘வா மாப்பிள்ளை’ என்று வந்துவிட்டது. யாரும் அந்த வீட்டில் பதினோரு நாளாகச் சொல்லாத வார்த்தை. சொன்ன பிறகு அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. உன்னை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். மாலை போட்ட படத்தைக் கொல்லைப்பக்கக் கொட்டகையில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை அணைத்தேன். பதினாறு நாளும் அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய விளக்கு அது. சத்தியப்பிரியாதான் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘மாமா கேட்டா அம்மா பள்ளத்தூரு போயிருக்காகன்னு சொல்லு’ என்றேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை உன் பாட்டில் போட முடியாது.

ஏன் செய்தேன் என்று கேட்டால், உனக்காக என்று சொல்லலாம். பதினோரு வருடம் கழித்து வந்திருக்கிறாய், ராத்திரி விமானம், சந்தோஷமாகப் போகட்டும் என்று. அது கொஞ்சம்தான். மீதி எனக்காக. நீ ‘தங்கச்சி எங்கே’ என்று கேட்டாய். பள்ளத்தூருக்குப் போயிருக்கிறாள் என்றேன். நீ நம்பினாய். நாலு மணி நேரம், மாப்பிள்ளை, அவள் பள்ளத்தூரில் தங்கை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நாலரை மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவாள் என்று எனக்கே தோன்றியது. நீ ‘போயிட்டு வாரேன் மச்சான்’ என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான் மறுபடி செத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சத்தியப்பிரியா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒன்றும் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்த வேற்றாள் எழுந்து போவது போலப் போனாள்.

மூன்றாவது குற்றம் மறந்துவிட்டது என்று எழுதினேன். மறக்கவில்லை. ராணி ‘நான் போகிறேன்’ என்றதும் உன் ராசா மூன்று தடவை ‘வேண்டாம்’ என்று கதறுகிறான். அதைத்தான் எடுக்கச் சொல்ல நினைத்தேன். அவள் நாற்பது சட்டையைப் பற்றிக் கேட்டபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. தரையில் பதித்திருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் தேதி சொன்னதும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். பிழைத்தோம் என்று. அவளுக்கு அது தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியாமல் என் முகத்தில் எதுவும் இருந்ததில்லை.

மாத்திரை போடுகிறாயா என்று கேட்டிருந்தாய். இரண்டு வேளையும் போட்டால்தான் அவளுடையது எனக்குள் தங்கும். பத்து நாளாகப் போடவில்லை. கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. கையில் எடுப்பேன், வாய் வரை போகாது. இன்னும் எத்தனை நாளைக்கு அவளைச் செலவழிப்பது என்று இருக்கிறது.

அடுத்த ஆள் நான்தான்; என்னுடைய ஐஸ் பெட்டி எனக்கு இலவசம். சிரித்துக்கொள்.

கருத்தையா


பினாங்கு
30.10.2025

மச்சான்,

சிரிக்கவில்லை.

உன் கடிதம் இன்று காலை பதினொரு மணிக்குக் கிடைத்தது. பதினொன்றே காலுக்குச் சத்தியப்பிரியாவுக்குப் போன் செய்தேன். யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதவில்லை; அதனால் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ‘பத்து நாளாக’ வந்த இடத்தில் போனை வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. உனக்கும் அடித்தேன். நீயும் எடுக்கவில்லை. ஜாஹிதாவை உன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கதவைத் திற.

வேலைக்காரி காட்சியைக் கிழித்துப்போட்டேன். ராசாவின் மூன்று ‘வேண்டாம்’களையும் எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இரண்டு வரிதான் இருக்கிறது:

வேண்டாம் என்னும் ஒருசொல் என்வாய்
மூண்டு வந்தது; முழுங்கினேன்; வாழ்ந்தேன்.

இது உன்னுடையது. நாற்பது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. உன்னிடமிருந்து இதை வாங்கியிருக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

முடிவை மட்டும் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன். மாத்திரையைப் போடு.

சபியுல்லா


கோட்டையூர்
14.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முப்பதாம் தேதி சாயங்காலம் ஜாஹிதா வந்தாள். மாத்திரையை எடுத்து வைத்து, நான் போடுகிற வரைக்கும் நகர மாட்டேன் என்று நின்றாள். ‘நாளைக்கு’ என்றேன். அழுதுகொண்டே போனாள். உன் குடும்பத்துப் பிள்ளைகளை அழ வைப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் டவுன் பஸ் நின்ற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் வெயிலில் நடந்து வருகிறாள். தலையையும் முகத்தையும் துப்பட்டாவால் சுற்றிக் கண் மட்டும் தெரிகிறது. பஸ் தூசிக்கு எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் சுற்றிக்கொள்கிறார்கள். ஆனால் நடை சந்திரலேகா நடை. நீ எழுதிய முடிவை நான் எடுக்கச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

துப்பட்டாவை அவிழ்த்தாள். சத்தியப்பிரியா. ‘வா’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வார்த்தையைத்தான் அன்றைக்கே செலவழித்துவிட்டேனே.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. வந்ததும் என்னை ஆட்டோவில் ஏற்றி ரத்தம் எடுக்கக் கூட்டிப்போனாள், பேசாமல். மதுரைக்குக் கூட்டிப்போனாள், பேசாமல். சோறு போட்டாள். படத்தைத் துடைத்து விளக்கேற்றினாள். மாத்திரை டப்பாவை வேளைக்கு வேளை என் முன்னால் வைத்தாள். நான் எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன், அவளும் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் ஊசி போட்டுத்தான் உள்ளே இறக்கினார்கள். பாதி போய்விட்டது என்கிறார் டாக்டர். மிச்சம் நிற்குமா என்று இரண்டு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். அவள் அம்மாவின் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அம்மா குடுக்கேன்னு சொன்னப்ப நீங்க வேணாம்னு சொன்னீகளா, இல்லையா?”

“சபியுல்லா மாமா படிச்சுக் காட்டுனாகல்ல?”

“நீங்க சொல்லுங்க.”

“சொல்லலைத்தா.”

“ஏன்?”

“சாகப் பயமா இருந்துச்சு.”

நூல்கண்டை உருட்டினாள். நான் ஏதாவது சிரிக்கிற மாதிரி சொல்லலாமா என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

“உங்களுதா இருந்தா என்னமும் பண்ணிக்கங்கப்பா. இது அம்மாவுது. எங்கம்மாவுது. நீங்க யாரு அத அணைக்கிறதுக்கு?”

போட்டேன். கசப்பு.

மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குப் பிறகும் கணக்காகத்தான் பேசினாள். உன் கடிதங்களை எடுத்துப் படித்துவிட்டு உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள்: ‘அந்தக் காட்சிய மாமாவ மறுபடி எழுதச் சொல்லுங்க. கிழிக்க வேணாம். அன்னைக்கு எனக்கு ஊட்டிவிட்டாகல்ல, பதினோரு நாளைல நான் தின்ன ஒரே வாய் அதான்.’ ஆகவே எழுது.

முதல் பக்கத்தில் சந்திரலேகா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ போட வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

நேற்றுக் காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் வரை நடந்தேன். ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, ஜூலையில் போனது போலத்தான் போகப் போகிறாள் என்று நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் நகர்ந்த பிறகு முகத்திலிருந்து துணியை இழுத்துவிட்டு, வெளியே எட்டிப் பார்த்து, அவள் அம்மா மாதிரியே எரிச்சலாகச் சொன்னாள்:

“மாத்திர. ஒம்பது மணிக்கு. போயிட்டு வாரேன்.”

கருத்தையா